நானே கொளுத்திப் பார்த்தேன்

அவரைச் சாம்பல் சார் என்றுதான் கடை முழுக்கக் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஊழியர் பட்டியலில் இருக்கிறது. அதை யார் எடுத்துப் பார்த்தார்கள்? வேலைக்கு வந்த முதல் நாளே என் மேஜையில் கிடந்த வெட்டுத் துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியை உரசிக் கொளுத்தினார். விழுந்ததை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "டெய்லரம்மா, இது பருத்தி இல்ல, கலப்பு" என்றார். துணிக்கடையின் இரண்டாவது மாடியில் தீக்குச்சி! நான் போட்ட கூச்சலில் மூன்று பேர் ஓடி வந்தார்கள். பெயர் அன்றைக்கே விழுந்துவிட்டது.

நான் அங்கே தையல்காரி. வாங்கிய உடுப்பைப் பிடிப்பது, பிரிப்பது, கால் நீளம் குறைப்பது என் வேலை. போட்டுப் பார்க்கும் அறைகளுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் ஒரு மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, சீட்டுக் குத்திய உடுப்புகள் தொங்கும் ஒரு கம்பி. எனக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். நீளம்தான். ஆனால் நீள வேண்டிய ஒரு நாளில் அது நீளவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாம்பல் சார் ஒரு நெசவாலையின் சோதனை அறையில் இருபத்தேழு வருடம் இருந்தவர். ரோல் ரோலாகத் துணி வரும். ஒவ்வொரு ரோலிலும் ஒரு சாண் வெட்டி, நீளவாட்டில் இரண்டு நூல், குறுக்குவாட்டில் இரண்டு நூல் உருவிக் கொளுத்துவார். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, ஊதினால் பறக்கிற சாம்பல். பாலியஸ்டர் என்றால் எரியாது, உருகும். சுருண்டு கறுப்பாகக் கடுகு மாதிரி இறுகிவிடும். பார்த்தபின் அந்த ரோலின் மீது முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவார். நூறு ரோல் வந்தால் நூறு தடவை. ஒரே நாளில், ஒரே தறியிலிருந்து வந்தாலும், ஒரு ரோலுக்குப் போட்ட கையெழுத்து அடுத்த ரோலுக்குச் செல்லாது. அது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி ஊறிப்போயிருந்தது. ஆலைக்காரர்கள் ஒரு நாள் சோதனை அறையைப் பூட்டினார்கள். ஐம்பத்து நாலு வயதில் எங்கள் கடையில், வாங்க வருகிறவர்களுக்குத் துணியை விளக்கிச் சொல்லும் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டில் அவரும் தங்கையும் மட்டும்தான். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு எட்டு வயது. இவர்தான் தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, கட்டிக் கொடுத்து, அந்தக் கட்டு அறுந்தபோது திரும்ப அழைத்து வந்து இரண்டு அறை வீட்டில் ஒரு அறையைக் கொடுத்தார். அவள் பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்தாள். அடுப்பு என்றால் நம் வீட்டு அடுப்பில்லை. ஆள் உயரத்துக்கு இரும்புக் கதவு போட்டது. அந்தச் சூட்டுக்கு முன்னால் நிற்கிறவள் மேல் கண்ட துணியும் படக்கூடாது என்பது இவருடைய சட்டம். உள்பாவாடை முதல் கைக்குட்டை வரை இவர் கொளுத்திப் பார்க்காமல் அவள் உடம்புக்குப் போகாது.

"எங்க வீட்டுல மட்டும்தான் அக்கா, புதுத்துணியே ஒரு ஓரம் கருகித்தான் வரும்" என்று கடைக்கு வரும்போது என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு தடவை அவள் அந்தப் பக்கம் போனதும் இவர் சொன்னார்: "டெய்லரம்மா, நான் வீடு வாசல் சேக்கல. பருத்தின்னு நான் சொன்னா அவ மறு பேச்சு பேசாம போட்டுக்குவா. அது ஒண்ணைத்தான் சேத்து வெச்சிருக்கேன்."

அந்த ஒன்றைத்தான் எங்கள் கடை பிடுங்கிக்கொண்டது.

தலைமை அலுவலகத்தில் ஒரு யோசனை கிளம்பியது. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாத துணி எது என்று வாங்க வருகிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமாம். அட்டையில் எழுதி மாட்டினால் யாரும் படிப்பதில்லை. அதனால் போனை உடுப்பின் அட்டைக்கு நேராகப் பிடித்தால், திரையில் அந்த உடுப்பின் மேலேயே ஒரு சாண் உயர ஆள் ஒருவர் எழுந்து நின்று, இது எதில் செய்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, மண்ணில் மட்குமா மட்காதா என்று பேசுவார். அதற்கு ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர் சொன்னார்கள். எங்கள் வாயில் அது நிற்கவில்லை. அந்தச் சாண் உயர ஆளாகப் படம் பிடிக்கப்பட்டவர் எங்கள் ஆள்தான் என்பதால் 'குட்டிச் சாம்பல்' என்று வைத்துவிட்டோம்.

மூன்றாவது மாடிச் சரக்கறையைக் காலி செய்து, சுவர் முழுக்கப் பச்சைத் துணி கட்டி, சுற்றிலும் கேமரா வைத்து இரண்டு நாள் எடுத்தார்கள். நான் அவருக்குச் சட்டை பிடித்துக் கொடுக்கப் போனவள், அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தேன். கொளுத்திப் பார்க்காத துணியைப் பற்றிப் பேச மாட்டேன் என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் மணல் வாளியும் தீயணைக்கும் உருளையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படம் பிடித்தார்கள். எதையும் மறைக்காமல் பேசினார். பருத்தி நல்லதுதான், ஆனால் வளருவதற்கு ஏகத்துக்குத் தண்ணீர் குடிக்கும் என்றார். பாட்டிலை உருக்கி எடுத்த நூல் குப்பையைக் குறைக்கும், ஆனால் துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சாக்கடையில் போகும் என்றார். கலப்புத் துணியை யாராலும் திரும்பப் பிரிக்க முடியாது என்றார்.

பசுமை வரிசை என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. அதில் வேலைக்குப் போடும் மேலங்கி ஒன்று. அதன் நூலைக் கொளுத்தி, சாம்பலை ஊதிப் பறக்கவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: "நானே கொளுத்திப் பார்த்தேன். சுத்தமான பருத்தி. அடுப்புக்கிட்ட நிக்கறவங்க கூட தைரியமா போட்டுக்கலாம்."

"அட்டகாசம் சார்!" என்று திட்ட அதிகாரி கை தட்டினாள். சின்னப் பெண், கெட்டவள் இல்லை. ஒரு தாளை நீட்டினாள். இவர் கையெழுத்துப் போட்டார்.

தப்பு அங்கேதான் நடந்தது. வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள், இருபத்தேழு வருடம் ரோல் ரோலாகக் கையெழுத்துப் போட்டவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கையிலிருக்கும் துணிக்கு மட்டும்தான் சொன்னோம், அடுத்த லோடு வந்தால் திரும்பக் கூப்பிடுவார்கள், திரும்பக் கொளுத்துவோம், திரும்பச் சொல்லுவோம் என்று அவர் நினைத்தார். கேட்கவே தோன்றவில்லை, அவ்வளவு நிச்சயம். அவர்களோ ஒவ்வொரு மாடலுக்கும் ஒரே ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு இவரைக் கட்டி வைத்துவிட்டார்கள். அந்த எண் தொங்குகிற எந்த உடுப்பின் மேலும் குட்டிச் சாம்பல் எழுந்து நின்று அதையே சொல்லுவார், அது எதில் நெய்ததாக இருந்தாலும்.

முதல் இரண்டு மாதம் திருவிழாக் கூட்டம்தான். ஜனங்கள் போனைப் பிடித்துக்கொண்டு உடுப்புக்கு உடுப்பு அலைந்தார்கள். "அட, இங்க பாரு, கையில மணிக்கட்டுல எல்லாம் முடி தெரியுது!" என்று ஒருத்தி அவர் எதிரிலேயே சொன்னாள். ஐந்து சட்டை எடுத்தவர் குட்டிச் சாம்பல் பேசியதைக் கேட்டு நாலைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். அன்று சாம்பல் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "நாலு சட்டை, டெய்லரம்மா! நாலு சட்டை வேணாம்னுட்டுப் போறாரு!" என்று பூரித்தார். துணிக்கடையில் வேலை செய்துகொண்டு இப்படி ஒருத்தர் சந்தோஷப்பட்டால் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்கள்?

மேலாளர் கூப்பிட்டார். "சார், உங்க வேலையை அந்தக் குட்டி ஆளே பாத்துக்குறாரு. நீங்க எதுக்குக் கால் கடுக்க நிக்கணும்?" என்று மரியாதையாகச் சொல்லி, அடித்தளத்தில் இருந்த கிடங்கில் அட்டை மாட்டுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் குட்டிச் சாம்பல் பேச்சும் குறைந்துபோனது. தண்ணீர், சாக்கடை, பிரிக்க முடியாத கலப்பு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, துணியைப் புகழ்ந்ததை மட்டும் விட்டு வைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவர் மட்டும், "மிச்சம் இருக்கறது பொய் இல்லையே" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

கிடங்கில் பசுமை வரிசையின் இரண்டாவது லோடு வந்து இறங்கியது. பழக்கதோஷம், ஒரு சட்டையின் மடிப்பிலிருந்து நூலை உருவிக் கொளுத்தியிருக்கிறார். உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக நின்றது. அட்டையில் பசுமை வரிசையின் அதே பச்சை இலை, முதல் லோடுச் சட்டைக்குப் போட்ட அதே எண். மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி என்னிடம் வந்து, உள்ளங்கையில் அந்த மணியை வைத்துக் காட்டினார்.

"பாதிக்குப் பாதி பாட்டில் நூல் போட்டுட்டாங்க. என் வாயை மட்டும் அப்படியே வெச்சிருக்காங்க, டெய்லரம்மா."

"என்கிட்ட ஏன் காட்டறீங்க? போய் மேலாளர் மேஜையில வைங்க!" என்றேன்.

வைத்தார். மேலே எழுதுகிறேன் என்றார் மேலாளர். அடுத்த வாரம் போய்க் கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றார். அதற்கடுத்த வாரமும் போனார். பாட்டில் நூலும் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே, பசுமை பசுமைதானே, இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று பதில் வந்தது. சத்தம் போடத் தெரியாத மனிதர். கையைப் பிசைந்துகொண்டு திரும்பி வந்தார். சட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோமே ஒழிய, அதே லோடில் மேலங்கியும் வந்திருக்கும் என்று அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

அவர் கிடங்கில் இருந்த ஒரு மத்தியானம் தங்கை கடைக்கு வந்தாள். பேக்கரியில் போட்டிருந்த மேலங்கி நைந்துவிட்டதாம். பசுமை வரிசைக் கம்பியில் போனைப் பிடித்தாள். குட்டிச் சாம்பல் எழுந்து நின்றார்.

"அக்கா, இங்க வந்து பாருங்களேன், எங்கண்ணன் எவ்வளவு அழகா இருக்கார்!" என்று என்னை இழுத்தாள். அடுப்புக்கிட்ட நிக்கறவங்க கூட தைரியமா போட்டுக்கலாம் என்று அவர் சொல்ல, "எனக்குத்தான் சொல்றார், பாத்தீங்களா!" என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வாங்கிய கையோடு என்னிடம் கொடுத்தாள். "அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதீங்க. போட்டுக்கிட்டுப் போய் நிப்பேன். பாத்துட்டியே, இனிமே எதுக்குக் கொளுத்தணும்னு கேப்பேன்."

கை நீளத்தை ஒரு அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது. மடித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். வைத்தவுடன் துணி மெல்ல வழுக்கியது, மடிப்பில் லேசாக ஒரு பளபளப்பு ஏறியது. பருத்தி அப்படிப் பளபளக்காது. முப்பது வருடமாகத் துணி தொடுகிறவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. கம்பியில் பதினோரு உடுப்பு காத்திருந்தது, ஒருத்தர் முன்னால் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். சூடு கூடிவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியின் சூட்டைக் குறைத்தேன். நாசமாய்ப் போன கை! ஒரு நூலை உருவியிருந்தால் போதும். ஊரையே வாங்கு வாங்கு என்று வாங்குகிற வாயைத் திறக்காமல் மடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

நாலாவது நாள் காலையில்தான் அதை முதல் தடவையாகப் போட்டிருந்தாள், அண்ணனுக்கு இன்னும் காட்டவில்லை. பேக்கரி அடுப்பின் கதவைத் திறந்து தட்டை இழுத்தபோது அவள் இடது கை உள்விளிம்பில் பட்டது. பருத்தியாக இருந்தால் கருகியிருக்கும், உதறியிருப்பாள். இது உருகி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலோடு ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்தவள் பதறிப்போய் இழுத்ததில் தோலும் சேர்ந்து வந்தது.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். உள்ளே துணியைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அலறல் நடைபாதைக் கடைசி வரைக்கும் கேட்டது. குப்பைத் தட்டில் வைத்த ஒரு துண்டை சாம்பல் சார் கையில் எடுத்துப் பார்த்தார். கொளுத்தத் தேவையே இருக்கவில்லை. ஓரமெல்லாம் கறுப்பு மணி.

மூன்றாம் நாள் அவளால் பேச முடிந்தது. கோபமாகக்கூட இல்லை, ஒன்றும் புரியாதவள் மாதிரி கேட்டாள்: "நீதானேண்ணா சொன்னே?"

அவர் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "அது நான் இல்ல, அது படம்னு சொல்ல வேண்டியதுதானே? மூணு வாரமா நீங்க மோதினதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"என் மூஞ்சி, என் குரல். வேற யாருன்னு சொல்லச் சொல்றீங்க?" என்றார்.

நான் இஸ்திரி போட்டதை அவரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

அவர் தலைமை அலுவலகத்துக்கே போனார். அந்தத் திட்ட அதிகாரிப் பெண் அழுதாளாம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார்கள். முகமும் குரலும் கம்பெனியுடையது. மேலே பூசிய சட்டத்து வார்த்தைகளை விட்டுவிட்டால் சொன்னது இவ்வளவுதான்: விபத்து நடந்தது பேக்கரியில், கடையில் இல்லை, அடுத்த பருவத்துக்கு எல்லாவற்றையும் புதிதாக எடுக்கும்போது பார்க்கலாம்.

மறுநாள் அவர் கிடங்குக்குப் போகவில்லை. பசுமை வரிசைக் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது பருத்தி இல்லைங்க, வாங்காதீங்க" என்றார். ஜனங்கள் போனைப் பிடித்தார்கள். குட்டி ஆள் பருத்தி என்றார். போனைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள்.

"அட, இவர்தான் அவரு! ஒரிஜினல்!" என்று ஒருவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா சொல்லியிருக்கீங்க சார்" என்று பாராட்டிவிட்டு இரண்டு மேலங்கியை எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு பாட்டியம்மாள் மட்டும் போனையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா ரெண்டு விதமா பேசறே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மதியத்துக்குள் காவலாளி வந்து அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் விட்டான். வேலை அத்தோடு போயிற்று. வேலை போனதற்கு அவர் வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் அவள் கை ஓரளவு ஆறியது. விரல்களை முழுக்க மடக்க வராது. இருந்தாலும் பேக்கரியில் திரும்பக் கூப்பிட்டார்கள். சாம்பல் சார் நாலைந்து கடை ஏறி இறங்கி, கெட்டியான வெள்ளைத் துணி வாங்கி, உருவ வேண்டிய இடத்தில் உருவி, கொளுத்திப் பார்த்து அவளிடம் கொடுத்திருக்கிறார்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் அவள் என்னிடம் வந்தாள். பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, மேலங்கி தைக்கணும். அதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் கொளுத்திப் பாருங்களேன். அண்ணன் பாத்துட்டேன்னுதான் சொன்னார்." துணியை என் பக்கம் தள்ளினாள். "அவருக்குத் தெரிய வேணாம். மனசு ஒடிஞ்சுடுவார். நீங்க பாத்துச் சொன்னா எனக்குத் தைரியமா இருக்கும்."

என்னை நம்பி வந்தாள். என்னை! அந்தக் கையைப் பார்க்க முடியாமல் துணியைப் பார்த்தேன். ஒரு மூலையில் நூல் உருவிக் கொளுத்தினேன். காகித வாசனை, பறக்கிற சாம்பல். காட்டினேன். குனிந்து முகர்ந்தாள்.

"இந்தப் பக்கமும் பாருங்கக்கா" என்றாள்.

நாலு பக்கமும் பார்க்க வைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் சாயங்காலம் கடை வாசலில் காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அவர் மேலே வந்தார், அளவுச் சீட்டைக் கொடுக்க. துணி மேஜையில் வெட்டாமல் கிடந்தது. எடுத்து விரித்து ஓரம் ஓரமாக விரலை ஓட்டினார். அந்த விரல்களுக்குக் கண் இருந்தது. ஒரு மூலையில் நின்றது, அடுத்ததற்குப் போனது, திரும்பவும் நின்றது.

"நான் ரெண்டு மூலையிலதான் உருவினேன்" என்றார்.

"தைக்கறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை பாத்தேன் சார்."

"நீங்களா பாத்தீங்களா? அவ கேட்டாளா?"

எத்தனையோ பொய் சொன்ன வாய்தான். அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. "கேட்டா" என்றேன்.

அவர் துணியை மடித்தார். மூலைக்கு மூலை சேர்த்து, ஆலையில் மடிப்பது மாதிரி மடித்து மேஜையில் வைத்தார். "கேட்டது சரிதான். யார் சொன்னாலும் பாத்துக்கணும். நான் அப்படித்தானே அவளை வளத்தேன்" என்றார். சொல்லிவிட்டு உடுப்பு பிடிக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து, ஆட்கள் போய்வரும் நடுக் கடையில், முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதார். நான் அவர் தோளைத் தொடப் போய், எந்தக் கையால் தொடுவது என்று தெரியாமல் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அளவுச் சீட்டை என்னிடம் நீட்டினார்.  

"இடது கையை மட்டும் கொஞ்சம் தொளதொளன்னு தைங்க, டெய்லரம்மா. தழும்புல உரசுது அவளுக்கு."